குட்டியைச் சேர்க்காத ஆடு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வயிற்றைத் திறந்து குட்டி எடுத்த தலை ஈற்றுச் செம்மறி, குட்டியை முகர்ந்துகூடப் பார்க்காமல் முட்டித் தள்ளியதாகவும், தாய்ப்பாசமில்லாத ஆடு என்று உடையவர் அதை விற்க நினைப்பதாகவும் எழுதியிருந்தாய். ஆட்டின் மேல் குற்றமில்லை. அதன் மூளைக்குப் போக வேண்டிய ஒரு செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

சினைக்காலத்தில் உயர்ந்திருக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஈனும் தறுவாயில் இறங்கி, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும்போது, தாய்ப்பாசத்தைத் தூண்டும் ஆக்சிடோசின் ஹார்மோனை ஏற்க மூளை தயாராகிறது. ஆனால், குட்டி பிறப்புப் பாதையை விரித்துக்கொண்டு வரும்போது எழும் நரம்புத் தூண்டல் தண்டுவடம் வழியாக மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமசை எட்டினால்தான் அந்த ஆக்சிடோசின் மூளைக்குள் சுரக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் கெவர்னும் குழுவினரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மோன் கொடுத்துத் தயார்செய்த சினையற்ற ஆடுகளின் பிறப்புப் பாதையைச் செயற்கையாகத் தூண்டியதும், அவை சில நிமிடங்களிலேயே தாம் ஈனாத குட்டிகளைத் தாய்போல ஏற்றுக்கொண்டன. உன் ஆட்டுக்கோ அந்தப் பாதையில் குட்டி வரவே இல்லை. அறுவைக்காக முதுகில் போட்ட மரப்பு ஊசியும் மிச்சமிருந்த தூண்டலை மறித்திருக்கும்.

ஆக்சிடோசின் ஊசி போட்டால் போதாதா என்று கேட்டிருந்தாய். பால் இறங்கும், கருப்பை சுருங்கும். ஆனால் இரத்தத்தில் ஏற்றிய மருந்து மூளையின் தடுப்பைத் தாண்டி உள்ளே போவது மிகச் சொற்பம் என்பதால், பாசத்துக்கு அதை நம்பிப் பயனில்லை.

எனக்கு இன்றும் வியப்பூட்டுவது மூக்கின் பங்குதான். மற்ற நாட்களில் பனிக்குட நீரின் வாடைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆடு, ஈன்றவுடன் அதையே தேடி நக்குகிறது. ஈனுவதற்கு முன் தீனியின் வாசனைக்கே பெரும்பாலும் துடிக்கும் முகர்வுக் குமிழின் (மூளையில் வாசனையை அறியும் பகுதி) நரம்பணுக்கள், ஈன்றபின் குட்டியின் வாசனைக்கும் துடிக்கத் தொடங்குகின்றன என்பதைக் கென்ட்ரிக் என்ற ஆய்வாளரும் அவருடன் உழைத்தவர்களும் 1992இல் காட்டினார்கள். அப்போது அங்கே பெருகும் நாரட்ரினலின் என்ற நரம்பு வேதிப்பொருள், ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தன் குட்டியின் வாசனையைத் தாயின் நினைவில் பதித்துவிடுகிறது. முகரும் திறன் இழந்த ஆடும் பால் கொடுக்கும். எந்தக் குட்டி வந்தாலும் கொடுக்கும் என்பதுதான் வேறுபாடு.

ஆகவே, இனி வயிற்றைத் திறந்து குட்டி எடுத்தால், அதைத் துணியால் துடைத்துவிடாமல், ஈரத்தோடு தாயின் மூக்கருகே வை. பனிக்குட நீரைக் கொஞ்சம் தாயின் வாயிலும் தடவு. இந்த ஆட்டைக் குட்டியோடு சிறிய பட்டியில் அடைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு வேளை தவறாமல் ஊட்டவிடச் சொல். அதற்கும் மசியாவிட்டால் குட்டிக்குப் புட்டிப்பால்தான். ஒருமுறை ஈன்று குட்டியோடு பழகிய ஆட்டின் மூளை அடுத்த ஈற்றில் எளிதில் இசைந்துகொடுக்கும் என்பதை உடையவரிடம் எடுத்துச் சொல்லி, விற்பனையை அதுவரை தள்ளிப்போடச் சொல்.

அன்புடன்,
அப்பா