அம்மாவின் நீல அட்டைக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

போன மாதம் அம்மாவுக்கு மலேசியக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைத்துவிட்டது. 74 வயது. அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார்.

கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், 1951-இல் பிறந்தவர். பிறப்பை யாரும் பதியவில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் எங்கள் தோட்டம் கைமாறியபோது ஆபீஸ் ஏடுகளும் காணாமல் போயின. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்ததும் தாத்தா இந்தியாவுக்கு ரஜூலா கப்பலேறிவிட்டார். அம்மா இங்கேயே நின்று, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அட்டையோடு பால்மரம் சீவினார். ஓட்டு இல்லை, அரசாங்க உதவித்தொகை இல்லை. அப்பா சிவப்பு அட்டையோடே கண்மூடினார். பிள்ளைகள் நாங்கள் மட்டும் குடிமக்கள். நிரந்தரவாசிக்கு இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை இருந்தது. அதை நீக்கும் சட்டத்திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியபோது எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

அம்மாவின் மனு இரண்டு முறை காரணம் சொல்லாமலே திரும்பி வந்தது. மெர்டேக்காவுக்கு, அதாவது 1957 சுதந்திரத்துக்கு, முன் இந்த மண்ணில் பிறந்தவர் அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவில் கேட்கலாம் என்று சொன்ன வழக்கறிஞர் தம்பிக்கு முதல் நன்றி. ஒரு காசு வாங்கவில்லை. 1958-ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடியெடுத்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும் நன்றி.

அப்புறம், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக். அம்மாவுக்குச் சந்தையில் பேசும் மலாய் நன்றாகவே வரும். நேர்காணல் அதிகாரி முன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதம், தினமும் சாயங்காலம், மேசைக்கு எதிரே அதிகாரி மாதிரி உட்கார்ந்து மக்சிக் கேள்வி கேட்டார். பதில் தப்பினால் முகம் சுளிக்காமல் மறுபடி கேட்பார். நேர்காணல் அன்று வாசலில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்.

எல்லோருக்கும் மேலாக எங்கள் லயத்துப் பெரியம்மா. அம்மா பிறந்த இரவில் மருத்துவச்சிக்கு வெந்நீர் தூக்கிக் கொடுத்த சிறுமி அவர். 87 வயதில் சக்கர நாற்காலியில் வந்து சத்தியப் பிரமாணம் செய்தார். அந்தப் பத்திரத்தில்தான் அம்மா பிறந்ததற்குச் சாட்சி இருக்கிறது.

அந்தப் பெரியம்மா கையில் இன்னமும் சிவப்பு அட்டை. அவருக்கும் மனு எழுதத் தொடங்கிவிட்டோம். அவர் பிறந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. அந்தத் தோட்டத்தில் இருந்த குடும்பங்களே, பழைய படம், பள்ளிச் சீட்டு, சம்பளச் சீட்டு எதிலாவது அவர் பெயர் இருந்தால் எடுத்து வையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
மூத்த மகள்