கடலூர் வீட்டு வாடகைத் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தரகர்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், புதுப்பாளையம், செம்மண்டலம், முதுநகர் என்று கடலூரின் எந்தப் பகுதியில் வீடு காலியானாலும் அதை முதலில் அறிபவர்கள் நீங்கள்தான். மாற்றலாகி வரும் ஆசிரியரும் செவிலியரும் வங்கி ஊழியரும், சிப்காட் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேரும் இளைஞர்களும் ஊரில் இறங்கியதும் தேடுவது உங்கள் கைபேசி எண்ணைத்தான். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு நெடுநாளாக என்னிடம் இருப்பதால் உங்களில் பலருடன் சித்திரை வெயிலில் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். உங்கள் உழைப்பை நான் அறிவேன். அதற்குக் கூலி தரக் கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குகிறீர்கள் என்றால், அந்தப் பணம் வீட்டைக் காட்டியதற்கு மட்டுமல்லாமல், அந்த வீட்டை வாடகைக்கு விடும் உரிமை உள்ளவரிடம்தான் எங்களை அழைத்துப் போகிறீர்கள் என்பதற்கும் சேர்ந்த கூலியாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதை எழுதத் தூண்டியது எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது. மாடியில் இரண்டு அறைகள், மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 ரூபாய், தரகருக்கு ஒரு மாத வாடகை என்று பேசி, எல்லாவற்றையும் ஒரே மாலையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, அந்த வார இறுதியிலேயே பால் காய்ச்சிக் குடியேறினார். சாவி கொடுத்தவரை ‘ஓனருக்குத் தம்பி முறை’ என்று தரகர் அறிமுகப்படுத்தினார். சில மாதங்கள் கழித்து உண்மையான உரிமையாளர் வெளியூரிலிருந்து வந்து கதவைத் தட்டியபோதுதான், அந்தத் ‘தம்பி’ முன்பு அதே வீட்டில் குடியிருந்து வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனவர் என்று தெரிந்தது. ரசீது இல்லை, ஒப்பந்தமும் இல்லை. தரகரிடம் போய்க் கேட்டதற்கு, “வீட்டைக் காட்டினேன், சாவி வாங்கிக் கொடுத்தேன், என் வேலை அதோடு முடிந்தது” என்று பதில் வந்தது.

அந்த மாலையில் அவரிடமிருந்து மட்டும் எவ்வளவு கேட்டு வாங்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆதார் நகல், அலுவலக அடையாள அட்டை, கணவர் வேலை பார்க்கும் இடம், சொந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், அசைவம் சமைப்பீர்களா என்பது வரை கேட்டார்கள். எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவருக்கு, எதிரில் இருப்பவரின் முழுப் பெயரைக்கூட யாரும் எழுதித் தரவில்லை. அவரும் கேட்டிருக்கலாம்தான். ஊருக்குப் புதிதாக வந்து, அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டிய நிலையில், கேட்டால் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தோடு நிற்பவரால் கேட்க முடியாது. கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் இருபக்கமும் தெரிந்த நீங்கள் ஒருவர்தான்.

‘என் வேலை முடிந்தது’ என்ற பேச்சைச் சட்டமும் ஏற்பதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை, ஒப்புக்கொண்ட வேலை நிறைவேறும் வரை முகவருக்குக் கூலி பாக்கியாவதில்லை என்கிறது. தம் வேலையில் முறைகேடாக நடந்துகொண்ட முகவருக்கு அந்தப் பகுதிக்கான கூலி கேட்க உரிமையில்லை என்கிறது 220-ஆம் பிரிவு. வாடகைக்கு விடும் உரிமை இல்லாதவரிடமிருந்து வாங்கிக் கொடுத்த சாவியால் என்ன வேலை நிறைவேறிவிட்டது? அடுக்குமாடிக் கட்டுமானத் திட்டங்களில் வீடு விற்க, வாங்க உதவும் முகவர்கள் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். வாடகைத் தரகுக்கு அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. ஆகவே உங்கள் தொழிலின் ஒழுங்கை இன்றைக்கு நீங்களேதான் வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாடகை ஒப்பந்தம் பற்றிய சட்டமோ தெளிவாகவே இருக்கிறது. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை ஆணையத்திடம் பதிவு செய்யப்பட வேண்டும். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைக் காலி செய்தால், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான இசைவில்லாமல் குடியிருப்பவர் உள்வாடகைக்கு விடக் கூடாது. இதைச் சொன்னால், ‘அதெல்லாம் சென்னையில், இங்கே பதினோரு மாத அக்ரிமென்ட் போதும்’ என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க வந்த பழக்கம்தான் பதினோரு மாதம். 2017-ஆம் ஆண்டின் சட்டம் காலத்தைப் பார்ப்பதில்லை. பதினோரு மாத ஒப்பந்தத்தையும் பதிவு செய்யத்தான் வேண்டும்.

வீட்டுக்காரர் யார் என்று சரிபார்ப்பது பெரிய துப்பறியும் வேலையும் அல்ல. மாநகராட்சியின் சொத்து வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அந்தப் பெயர் எதிரில் இருப்பவரின் ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெயர் மாறியிருந்தால் அதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். கடலூரில் எத்தனையோ வீடுகளின் உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்க, சாவி உறவினர் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததே. அப்போது ‘பவர்’ ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உரிமையாளரையே காணொளி அழைப்பில் வரவழைத்து, இன்னாரிடம் வாடகையும் முன்பணமும் கொடுக்கலாம் என்று அவர் எண்ணிலிருந்தே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் பொதுவாகச் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். பெரியவர் காலமான பின் பிள்ளைகளுக்குள் பாகம் பிரியாத வீட்டில், ஒருவர் வாங்கிய அட்வான்ஸை இன்னொருவர் ஏற்க மறுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒத்திக்கு விடும் வீடுகளில் நீங்கள் இன்னும் பல மடங்கு கவனமாக இருக்க வேண்டும். மாத வாடகை இல்லை, ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கலாம் என்பது, வாடகைக்கு மாதந்தோறும் திணறும் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதலாகத் தெரியும். அதே வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருந்து, அது கட்டப்படாமல் போனால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். பதிவு செய்யாத ஒத்திப் பத்திரத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர் அப்போது யாரிடம் போய் நிற்பார்? பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை எவரும் பார்க்கலாம். வங்கிக்கு ஆவணம் ஒப்படைத்தது பதிவாகியிருந்தால் அதில் தெரியும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு கைமாறும் இடத்தில் வில்லங்கம் பார்க்காமல் கமிஷன் வாங்குவது, என் பார்வையில், மன்னிக்கத் தகாதது.

வீட்டைப் பற்றிய உண்மைகளும் இதில் அடங்கும். 2011 டிசம்பரில் தானே புயலையும், 2015 வெள்ளத்தையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வந்த பெருக்கையும் பார்த்த ஊர் இது. குண்டு உப்பலவாடிப் பக்கமோ கெடிலத்தின் கரையோரமோ தரைத்தளத்தில் வீடு காட்டும்போது, தண்ணீர் எதுவரை வந்தது என்று உங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அப்படி ஒரு வீட்டில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில், ஸ்விட்ச் பெட்டிக்குச் சற்றுக் கீழே, அறை முழுவதும் ஒரே மட்டத்தில் ஓடிய பழுப்புக் கோட்டை நான் பார்த்தேன். மரக்கதவின் அடிப்பகுதி அதே உயரம் வரை உப்பிப் பிளந்திருந்தது. கூட வந்த தரகர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் தண்ணீர் உப்பு என்று அறிந்தும், ‘நல்ல தண்ணி’ என்று சொல்லி ஒப்பேற்றுவதும் இதே வகைதான். தனி மின் இணைப்பு இல்லாமல் துணை மீட்டர் வைத்திருக்கும் வீடுகளில், இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்ற சலுகை குடித்தனக்காரருக்குத் தனியாகக் கிடைப்பதில்லை. யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வைத்ததே கணக்கு. இதை முன்கூட்டியே சொன்னால், வாடகையைப் பேசிக் குறைக்கவாவது வழியிருக்கும்.

இனிக் கமிஷன். வீடு பார்க்கப் புறப்படும் முன்பே, எவ்வளவு, எப்போது, எந்தச் சூழலில் திருப்பித் தரப்படும் என்ற மூன்றையும் வாட்ஸ்ஆப்பில் இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டால் பிற்பாடு வரும் சண்டைகளில் பெரும்பகுதி இல்லாமல் போகும். பாதியை ஒப்பந்தம் கையெழுத்தான அன்றும், மீதியை ஒரு மாதம் குடியிருந்த பிறகும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடமும் கமிஷன் வாங்கினால் அதை மறைக்காமல் சொல்லி, எங்கள் பங்கை அரை மாதமாகக் குறையுங்கள். பதினோரு மாதம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, எந்த வேலையும் செய்யாமல் மறுபடி கமிஷன் கேட்பதை விட்டுவிடுங்கள். ஒரே வீட்டை இருவர் காட்டியிருந்தால் அந்தப் பங்கை உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். குடிவருபவரை இருவரும் மாறி மாறி அழைத்து மிரட்டுவது முறையல்ல. ஜெர்மனியில் 2015 ஜூன் முதல், வாடகை வீட்டுத் தரகரை யார் அமர்த்துகிறாரோ அவரே கூலி தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் முகவர்கள் குடிவருபவரிடம் இத்தகைய கட்டணம் வாங்கவே தடை. நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. கொடுக்கிறோம், செய்த வேலைக்கு வாங்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வீட்டுக்காரரிடம் நீங்கள் முன்கூட்டியே பேச வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வருமான வரிக் கழிவு பெற உரிமையாளரின் பான் எண் தேவை. குடிவந்த பிறகு அதைக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள், ரசீதே தராதவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரசீதும் பான் எண்ணும் தருவாரா என்பதை வீட்டைக் காட்டும் முன்பே கேட்டு வையுங்கள்.

‘நீங்க எந்த ஆளுங்க?’ என்ற கேள்வியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை வீட்டுக்காரர் கேட்பதில்லை. உங்கள் வாயால் கேட்க வைக்கிறார். படித்து, வேலையில் சேர்ந்து, வாடகை கொடுக்கும் வசதியோடு வந்த ஒரு பெண், அந்தக் கேள்விக்குப் பிறகு ‘வீடு நேற்றே முடிந்துவிட்டது’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு படியிறங்கியபோது நான் உடன் இருந்தேன். அந்தக் கேள்வியைச் சுமந்து வர மாட்டோம் என்று நீங்கள் மறுத்தால், வீட்டுக்காரர் தாமே கேட்க வேண்டி வரும். பலர் கேட்கக் கூசுவார்கள் என்றே நம்புகிறேன்.

ஆடியில் யாரும் குடி போவதில்லை என்பதால் உங்களுக்கு ஓரளவு ஓய்வு கிடைக்கும். அந்த மாதத்திலேயே நீங்கள் கூடிப் பேசி, சொத்து வரி ரசீது, மின் இணைப்பின் பெயர், அடையாள அட்டை, தேவையானால் பவர் ஆவணம், ஒத்தியென்றால் வில்லங்கம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே வீட்டைக் காட்டுவது என்றும், ரசீதில்லாமல் முன்பணம் கைமாற விடுவதில்லை என்றும் முடிவு செய்யுங்கள். இசைந்தவர்களின் எண்களை எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நானே கொடுப்பேன். பேசிய கமிஷனைப் பேசிய நாளில் அவர்கள் தருவதற்கும் பொறுப்பேற்பேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கடலூரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஓர் அலுவலர்