வானியல் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி எப்சிலான் இண்டி. 11.9 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே5 வகை ஆரஞ்சு விண்மீன் இது. நிறை சூரியனில் முக்கால் பங்கு. ஒளியோ ஐந்தில் ஒரு பங்குதான். தோற்றப் பொலிவு 4.7 (எண் கூடினால் ஒளி மங்கல்) என்பதால் சிங்கப்பூரின் நகர வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கு எட்டாது. லண்டனில் உதிக்கவே உதிக்காத இந்த விண்மீன், நமக்குத் தெற்கே 32 பாகை வரை ஏறுகிறது. இந்த வாய்ப்பை நாம் விடக்கூடாது.

அக்டோபர் கடைசி வாரத்தில் இரவு 9 மணியளவில் உச்சிக்கோட்டை, அதாவது தலைக்கு மேலாக வடக்கு தெற்காகச் செல்லும் கற்பனைக் கோட்டை, இது கடக்கும். அப்போது பளிச்சென்ற அல்நாயிர் விண்மீனிலிருந்து நேர் கீழே 10 பாகை இறங்க வேண்டும்; 10x50 பைனாகுலரில் அது சுமார் ஒன்றரைப் பார்வைப்புலம்.

நிறத்தைப் பதிவதில்தான் கவனம் தேவை. 32 பாகை உயரத்தில் ஒளி, தலைக்கு நேரே வருவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு காற்றைக் கடக்கிறது. வழியில் நீலம் சிதறிவிடுவதால் எந்த விண்மீனும் சற்றுச் சிவந்தே தெரியும். ஆகவே உச்சியிலுள்ள விண்மீனோடு ஒப்பிடுவது தவறு. மயில் கூட்டத்தின் நீலவெள்ளை விண்மீனான பீக்காக்கின் நடுவரை விலக்கமும் (வான நடுக்கோட்டிலிருந்து உள்ள கோணத் தொலைவு) ஏறத்தாழ இதேதான். எப்சிலான் இண்டி உச்சிக்கோட்டை அடைவதற்குச் சுமார் 50 நிமிடம் முன்பு இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த வேளையில் இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். குவியத்தைச் சற்றுக் கலைத்துச் சிறு வட்டாக்கினால் ஆரஞ்சு நன்கு புலப்படும். புகைமூட்ட நாள்களில் நிறக் குறிப்பு வேண்டாம்.

நம் அட்சரேகை 1.3 பாகை. விண்மீனைத் தொடர்ந்து சுழலும் நிலநடுக்கோட்டுத் தாங்கியின் அச்சை இதே பாகைக்குச் சாய்க்க வேண்டும்; பல தாங்கிகள் அவ்வளவு தாழாது. தாழ்ந்தாலும் எதிர்எடை முக்காலியின் காலில் இடிக்கும். பார்வைக்கு, எளிய தாங்கியில் கையால் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கியே போதும். குளிரூட்டிய அறையிலிருந்து கொண்டுவந்த தொலைநோக்கியின் மூடியை அரை மணி நேரமாவது கழற்றாதீர்கள். உடனே திறந்தால் வில்லையில் நீர் படியும். பூஞ்சை தொற்றாதிருக்க உலர்பெட்டியில் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்.

எப்சிலான் இண்டியின் இரு பழுப்புக் குறுமீன் (விண்மீனாக எரியப் போதிய நிறையற்ற வான்பொருள்) துணைகளும், 2024இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி படம்பிடித்த கோளும் நம் கருவிகளுக்கு எட்டாதவை. ஆனால் விண்மீனின் நகர்வு எட்டும்: ஆண்டுக்கு 4.7 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600 வில்விநாடி). 1,000 மி.மீ. குவியத்தொலைவும் 3.76 மைக்ரான் படப்புள்ளியும் கொண்ட கேமராவில் அது ஆறு படப்புள்ளி. அடுத்த அக்டோபரில் அதே வாரம், அதே கேமராவால் மறுபடமெடுக்கத் தீர்மானித்துள்ளோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

செயலாளர்