டேக் தெரிஞ்சவனே தலைவன்

அன்பு மாப்ளே,

கீழ்பவானியில தண்ணி விட்டாச்சே, நாத்து விட்டாச்சா? திருப்பூர்ல ஆர்டர் சுமார்தான்.

உங்க டெலிகிராம் ரசிகர் குழுவுக்கு வர்ற பொடுசுக ஒரு வாரத்துலயே கழண்டுக்கறாங்கன்னு எழுதியிருந்தே. கழண்டுக்காம என்ன பண்ணுவாங்க? கூப்பிடாத ஒரம்பரையாட்டம் வாசல்லயே நிக்க வச்சுடறீங்க. மன்றத்துல கிளை, நகரம், மாவட்டம்னு லெட்டர்பேடுலயே போட்டிருக்கும். முதல் ஷோ டிக்கெட்டுக்கு யார்கிட்டப் போகணும்னு சின்னப் பையனுக்கும் தெரியும். ஆன்லைன்ல எதுவும் எழுதியிருக்காது. அட்மின் பட்டியலை நம்பாதே. தலைவர் பிறந்தநாளுக்கு எல்லாரும் சேர்ந்து போடற ஹேஷ்டேக், அதான் டேக், யாருக்கு முன்கூட்டியே தெரியுதோ அவன்தான் பெரிய கை. எல்லாரும் ப்ரொஃபைல்ல வைக்கற ஒரே படத்தை, காமன் டிபியை, பண்றவன் அதுக்கு அடுத்து.

டேக்கை ஏன் ஒளிக்கறாங்கன்னு யாராச்சும் புதுசா வந்தவனுக்குச் சொல்றாங்களா? எக்ஸ்ல (பழைய ட்விட்டர்) ட்ரெண்டிங், மொத்தக் கணக்கை விடத் திடீர் ஏத்தத்தைத்தான் அதிகம் பார்க்குது. பொழுதோட 6 மணிக்கு எல்லாரும் சேர்ந்து விடவேண்டியதை ஒருத்தன் மத்தியானமே போட்டா வேகம் சிதறிப்போயிடும். ஆர்வக்கோளாறுல புதுப்பையன் இதைத்தான் பண்ணுவான். உடனே “எதிரணி ஃபேக் ஐடி”ம்பாங்க. ப்ரொஃபைல்ல கணக்கு தொடங்குன மாசம், வருஷம் தெரியுமில்ல? போன மாசம்னு இருந்தா தீர்ப்பே எழுதியாச்சு. எதுக்குத் தூக்குனாங்கன்னு அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

முதல்ல, புதுசா வர்றவங்களுக்குப் பழைய சாட் தெரியற மாதிரி செட்டிங்ஸை மாத்து. அதை மறைச்சுட்டு “மேல படிடா”ன்னா எதைப் படிப்பான்? அப்புறம் ஒரு மெசேஜைப் பின் பண்ணு: டேக் விடற நேரம், நடுவுல இடைவெளி, முற்றுப்புள்ளி வந்தா டேக் அங்கயே அறுந்துடும், காப்பி-பேஸ்ட் ஸ்பாம்ல மாட்டும், சொந்தமா ஒரு வரி சேர்க்கணும்.

ரிலீஸ் அன்னிக்கு ஸ்லோ மோட் (ஒரு மெசேஜ் போட்டா அடுத்ததுக்குக் காத்திருக்கணும்) போட்டா 10 விநாடி போதும். அட்மின்களுக்கு அது பொருந்தாது. 5 நிமிஷம்னு வச்சா அட்மினா இருக்கற பழைய ஆளுகளே பேசிட்டிருப்பாங்க.

அட்மின் உரிமைகளைப் பிரிச்சுக் கொடுக்கலாம். ஆளைத் தூக்கற உரிமை ரெண்டு பேருக்கு மேல வேண்டாம். அட்மின் பேர் பக்கத்துல வர்ற பட்டத்துக்கு 16 எழுத்துதான். கால், கொம்பு, புள்ளியெல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘மாவட்டத் தலைவர்’ அடங்கிடும், ‘ஒன்றியச் செயலாளர்’ அடங்காது. அதுக்கும் ஒரு பஞ்சாயத்து வரும், பாரு.

டிசைன் நல்லாப் பண்ணுவான்னியே, அந்த அந்தியூர்ப் பையனைத் திரும்பக் கூப்பிட்டு, பின் பண்ற உரிமையை மட்டும் இப்பக் கொடு.

உன் மச்சான்