மண் அடிப்பதா, வாய்க்கால் வெட்டுவதா?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழையில் நம் பள்ளி மைதானம் குளமாகிவிடுவது உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனார்கள். இதற்கு இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன: மண் அடித்து மைதானத்தை மேடாக்குவது அல்லது தெற்கு மதிலோரம் வாய்க்கால் வெட்டி ஊர்க்குளத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோவது.

எனக்கும் ஒரு விருப்பம் உண்டு. அதை இங்கே எழுதமாட்டேன். தலைமையாசிரியர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கழிப்பறைக்கு நான் குறித்த இடத்தை யாருமே மறுக்கவில்லை. கட்டி முடித்த பிறகுதான், கோடையில் அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஏறாது என்று ஒரு மாணவியின் தாய் சொன்னார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லையே, ஐயா" என்றார். அந்தக் கழிப்பறை பூட்டியே கிடந்தது. இன்றும் அது என் மனத்தை அறுக்கிறது.

ஆகவே, இம்முறை முதலில் கேட்கப்போகிறோம். ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர், கொத்தனார் வேலை செய்யும் தந்தை ஒருவர், குளத்துப் பாசனத்தில் பயிர் செய்யும் தாய் ஒருவர், நம் பள்ளித் தூய்மைப் பணியாளர் என நால்வர் குழு அமைந்துள்ளது. தண்ணீர் எந்த மூலையில் முதலில் ஏறுகிறது என்பதை நம் தூய்மைப் பணியாளர் அளவுக்கு அறிந்தவர் இங்கே வேறு எவரும் இல்லை.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு விவாதம். ஒவ்வொரு தரப்பும் 15 நிமிடம் பேசும். யாரும் குறுக்கிடக் கூடாது. பிறகு தரப்பை மாற்றிக்கொள்வார்கள்: மண் அடிக்கச் சொன்னவர்கள் வாய்க்காலுக்காகவும், வாய்க்கால் கேட்டவர்கள் மண்ணுக்காகவும் வாதாட வேண்டும். எதிர்த் தரப்பின் நியாயத்தைத் தன் வாயால் சொல்லிப் பார்க்கும்போதுதான் அதன் வலு புரிகிறது.

நிலவுப் பயணத்திலும் இப்படி ஒரு விவாதம் நடந்தது. தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, சிறிய கலம் மட்டும் தரையிறங்கினால் போதும் என்று நாசா பொறியாளர் ஜான் ஹூபோல்ட் வாதாடினார். பலர் ஏற்கவில்லை. 1961-இல் மேலதிகாரிகளைத் தாண்டி உயர் நிர்வாகிக்கே கடிதம் எழுதினார். வேறொரு வழியை ஆதரித்து வந்த, நாசாவின் ராக்கெட் உருவாக்கத்தை வழிநடத்திய வெர்னர் வான் பிரௌன், 1962 ஜூன் 7 அன்று, தம் குழுவினர் முன்னிலையிலேயே அந்த யோசனையை ஏற்றார். 1969-இல் மனிதர் நிலவில் இறங்கியது அவ்வழியில்தான். அத்தனை பெரிய மனிதர் எல்லோர் முன்பும் மனம் மாறினார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

விவாதம் முடிந்ததும் பள்ளி மேலாண்மைக் குழு முடிவெடுக்கும். ஏற்கப்படாத ஆட்சேபங்களும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும்.

இத்துடன் ஒரு சீட்டு இணைத்திருக்கிறேன். பெயர் எழுத வேண்டாம். எந்த யோசனையில் என்ன தவறாகிப்போகலாம் என்பதை மட்டும் எழுதி, வியாழக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். வேலைக்குப் போவதால் வர முடியாதவர்களின் சீட்டைக் கூட்டத்தில் நானே வாசிப்பேன். எழுத இயலாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யலாம். எழுத்துப் பிழை பார்க்கமாட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்