வாசாவின் சிங்கமும் என் வார்ப்பு அச்சும்

சென்னை,
ஐப்பசி 20

அன்புள்ள சுந்தரம்,

இங்கு அனைவரும் நலம். உன் நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். உன் கடிதம் வந்து மூன்று வாரங்களாகியும் நான் பதில் எழுதாமல் இருந்ததற்கு, நான் கட்டும் வாசா மாதிரிக் கப்பலின் மூக்குக்காக, என் மேசை விளக்கின் அடியில் முன்னங்கால்களை நீட்டிப் பாய்ந்துகொண்டிருக்கும் ஒன்றரை அங்குலச் சிங்கம்தான் காரணம். பிடரியை முடித்துவிட்டு எழுதலாம் என்று நாள்தோறும் தள்ளிப்போட்டேன். பிடரி முடியப் பதினாறு நாளாயிற்று.

"கப்பலில் நிற்கும் இருபது ரோமச் சக்கரவர்த்திகளையும் ஒவ்வொருவராகப் பிசைந்துகொண்டிருக்கிறாயாமே, ஒருவரைச் செய்து அச்செடுத்து இருபதாக வார்த்துவிட்டால் என்ன?" என்று கேட்டிருந்தாய். முப்பத்தைந்து ஆண்டுகள் பல்லுறை வார்த்த நீயா இதைக் கேட்பது? ஒருவர் வாய்க்கு வார்த்த உறையை அடுத்த நாற்காலிக்காரர் வாயில் மாட்டியிருப்பாயா? ஆனாலும் உன் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. எதை வார்க்கலாம், எதை வார்க்கக் கூடாது என்பதுதான் இந்த ஓராண்டில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மகளைப் பார்க்க ஸ்டாக்ஹோம் போயிருந்தபோது வாசா என்ற பழைய ஸ்வீடன் போர்க்கப்பலை மூன்று முறை போய்ப் பார்த்தேன் என்று முன்பே எழுதியிருந்தேன். 1628 ஆகஸ்ட் 10 அன்று, கன்னிப் பயணத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் தூரம் போவதற்குள், மேல்பாரம் மிகுந்த அந்தக் கப்பல் ஒரு காற்றுக்குச் சாய, திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்து துறைமுகத்திலேயே மூழ்கியது. 1961 ஏப்ரல் 24 அன்றுதான் மீண்டும் நீருக்கு மேலே வந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே வாழாது. அதனால் மரம் பிழைத்தது. சிற்பங்கள் பிழைத்த விதம் இன்னும் விந்தையானது. அவற்றைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் துருப்பிடித்துப் போனதால் பல சிற்பங்கள் கழன்று சேற்றில் விழுந்தன. விழுந்தவற்றைச் சேறு பொத்திக் காத்துக்கொண்டது. முங்குநர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்கள். சிற்பமும் அணிவேலையுமாக ஏறத்தாழ 700. சில முகங்களில் உளியின் தடம் கூட மழுங்காமல் இருக்கிறது.

அந்த முகங்களுக்கு எதிரே நின்றபோதுதான் மாதிரிக் கப்பல் பெட்டியில் வரும் உலோக வார்ப்புகள் மீது எனக்கு வெறுப்பு வந்தது. நான் கட்டுவது 1:75 அளவு. 69 மீட்டர் கப்பல் என் மேசையில் 92 சென்டிமீட்டர். 19 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பின்புறம் இங்கே ஏறத்தாழ 26 சென்டிமீட்டர். பெட்டியோடு வந்த சிற்பங்களைச் சாமணத்தால் எடுத்துப் பார்த்தால் எல்லாச் சக்கரவர்த்திகளும் ஒரே தாய் வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவர்களைப் போல இருந்தார்கள். உண்மையான கப்பலில் மார்ட்டென் ரெட்மரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஓக், பைன், லிண்டன் மரங்களில் செதுக்கியவை அவை. ஒரு பட்டறையில் பல கைகள் வேலை செய்திருக்கின்றன என்பது பார்த்தவுடனே தெரியும். ஒருவர் கன்னத்தை உருட்டுவார், இன்னொருவர் அதை வெட்டிவிட்டுப் போய்விடுவார்.

செய்யத் தொடங்கியபோது முதலில் செய்த தவறு, அப்படியே சிறிதாக்க முயன்றது. கணக்கைப் பார். ஓர் ஆள் உயரச் சிற்பம் என் கப்பலில் 23 மில்லிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு இங்கே ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. உளி 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இழுத்த கோடு இங்கே 0.04 மில்லிமீட்டர், அதாவது தலைமயிரை விட மெல்லியது. அதன் மேல் ஒரு பூச்சு வண்ணம் அடித்தாலே தூர்ந்துவிடும். நான் முதலில் செய்த திபேரியஸின் முகம், வண்ணம் காய்ந்ததும் வேகவைத்த கொண்டைக்கடலையைப் போல ஆனது அதனால்தான். இப்போது கண்குழியை அளவுக்கு மீறித் தோண்டுகிறேன், மூக்கை மிகைப்படுத்துகிறேன், தாடியில் பத்துச் சுருள் இருந்தால் நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன். அளவுகோலை வைத்துப் பார்த்தால் பொய். ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் முகம்.

அச்செடுப்பதற்கான மூல உருவத்தைப் பாலிமர் களிமண்ணில் செய்கிறேன். அடுப்பில் 130 டிகிரி சூட்டில் வைத்தால் இறுகிவிடும். அதுவரை எத்தனை நாளானாலும் காயாமல் காத்திருக்கும் என்பது என்னைப் போன்ற மெதுவானவனுக்குப் பெரிய சலுகை. நீ கொடுத்த பழைய கருவிகளில் பல்லிடுக்கைச் சுரண்டும் வளைந்த முனைக் கருவிதான் என் முதன்மை உளி. அதற்கு அடுத்தது கைப்பிடியில் செருகிய தையல் ஊசி. சிங்கத்துக்கு முதலில் செப்புக் கம்பியில் எலும்புக்கூடு கட்டி, உடலை மட்டும் செய்து சுட்டு இறுக்கிக்கொண்டேன். உடல் இறுகாமல் பிடரியைத் தொட்டால், மயிரை அழுத்தும் விரல் விலாவை நசுக்கிவிடும். பிறகு தோளிலிருந்து முகத்தை நோக்கி, ஓடு வேய்வது போல வரிசை வரிசையாகச் சுருள்களை ஒட்டினேன். மேல் வரிசை கீழ் வரிசையின் வேரை மறைத்துக்கொள்ளும். உண்மையான சிங்கம் ஏறத்தாழ 3 மீட்டர் நீளம். வாசா அரச குடியின் சின்னமான கதிர்க்கட்டை முன்னங்கால்களில் பற்றிக்கொண்டு பாய்கிறது. என் சிங்கம் 40 மில்லிமீட்டர். கதிர்க்கட்டு ஓர் அரிசி மணியை விடச் சற்றுப் பெரிது.

ஒரே ஒரு சிங்கத்துக்கு அச்சு எதற்கு என்று நீ கேட்பாய். சுட்ட களிமண்ணின் மெல்லிய நகங்கள் தும்மினால் உடைந்துவிடும், அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசினான ரெசின் தாங்கும். வண்ணத்தைச் சோதித்துக் கெடுப்பதற்கும் இரண்டொரு பிரதி வேண்டும். முழு உருவம் ஆதலால் அச்சு இரண்டு பாதி. பாதி உடல் வரை எண்ணெய்க் களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் சிறு குழிகள் இட்டு, அட்டைச் சுவர் எழுப்பிச் சிலிக்கான் ரப்பரை ஊற்ற வேண்டும். அது இறுகியதும் களிமண்ணை நீக்கி, மேலே வாசலின் தடவி, மறுபாதியை ஊற்ற வேண்டும். இது நீ ஆயிரம் முறை செய்த வேலை. ஆனால் டொமீஷியன் சக்கரவர்த்தியை வைத்து நான் எடுத்த முதல் அச்சு இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பிறகும் உருவத்தைத் தொட்ட இடமெல்லாம் பசையாகவே நின்றது. கீழே கொழகொழவென்று, மேலே மட்டும் ரப்பர். ஊறவைத்துத் தேய்த்துச் சுரண்டியதில் பதினைந்து நாள் உழைத்த டொமீஷியனின் காதும் கிரீடமும் போயின. நான் வாங்கியது பிளாட்டினம் வகைச் சிலிக்கான். அது கந்தகத்தின் பக்கத்தில் இறுகாது. நான் புதைக்கப் பயன்படுத்திய எண்ணெய்க் களிமண்ணில் கந்தகம். விற்ற கடைக்காரர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது டின் (வெள்ளீய) வகைச் சிலிக்கானுக்கு மாறிவிட்டேன். ஆண்டுகள் போனால் சற்றுச் சுருங்கும், கிழியும்; என் தேவைக்கு இரண்டு மாதம் தாங்கினால் போதும்.

அச்சு நன்றாக வந்தபின் ஊர்க்காற்று பழிவாங்கியது. இரண்டு திரவங்களைச் சம அளவில் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரம் ஆகாது. ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி, இட்லி மாவைப் போலப் பொங்கும். ஐப்பசி அடைமழையில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வார்த்த சிங்கம், அச்சைத் திறந்தபோது பஞ்சுருண்டையாக வந்தது. இப்போது குளிர்சாதனத்தை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அச்சையும் கோப்பையையும் விளக்கடியில் காயவைத்து, பாட்டிலைத் திறந்த கையோடு மூடிவிட்டுத்தான் வார்க்கிறேன். கலந்த பிறகு நான்கு நிமிடம்தான் அவகாசம். அதற்குள் தொலைபேசி அடித்தாலும் எடுப்பதில்லை. நீ போன மாதம் அழைத்தபோது நான் எடுக்காததற்கு அதுவே காரணம், வேறு கோபம் இல்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பீரங்கிச் சாளரங்களின் மூடிகளுக்கு உட்புறம் சிங்க முகங்கள் உண்டு. மூடியைத் தூக்கினால் பகைவனைப் பார்த்து உறுமும். என் அளவில் மூடியே ஒரு சென்டிமீட்டர்தான். இவற்றை வார்க்கலாம். பின்பக்கம் தட்டையானதால் ஒற்றை அச்சு போதும். அப்படியும் ஒரே முகத்தை வரிசையாக ஒட்டிப் பார்த்தபோது தபால் தலைத் தாளைப் போல இருந்ததால், ஐந்து மூலங்கள் செய்து ஐந்து அச்சுகளில் வார்த்து, கலைத்துப்போட்டு ஒட்டினேன். கண் ஏமாந்துவிட்டது. பட்டைக் கொடி, பூ வேலை, தூண் ஆகியவையும் வார்ப்புக்கு உரியவையே.

பின்சுவரில் அரச முத்திரையை இருபுறமும் தாங்கும் சிங்கங்களுக்கு வார்ப்பு உதவாது. ஒன்று இடம் பார்க்கிறது, மற்றது வலம் பார்க்கிறது. அச்சு எத்தனை தந்தாலும் ஒரே பக்கம் பார்ப்பவற்றைத்தான் தரும். கண்ணாடி பிம்பத்தைத் தராது. இது எவ்வளவு எளிய உண்மை! இடப்பக்கச் சிங்கத்தில் மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஒட்டப் போகும் நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. மனைவி கால் மணி நேரம் சிரித்தாள். உச்சியில் சிறுவனாகக் காட்டப்பட்ட ஸ்வீடன் மன்னன் குஸ்தாவ் அடோல்ஃபின் தலைக்கு மேல் முடியைப் பிடிக்கும் இரண்டு கழுகுச் சிங்கங்களுக்கும் இதே கதிதான். அவற்றுக்கும் இரண்டு மூலம் செய்தேன்.

சக்கரவர்த்திகளை மட்டும் வார்க்க மனம் வரவில்லை. திபேரியஸ் தொடங்கி செப்டிமியஸ் செவெரஸ் வரை இருபது பேர், கப்பலின் மூக்கில் இரு புறமும் வரிசையாக நிற்கிறார்கள். அகஸ்டஸ் அந்த வரிசையில் இல்லை; அந்த இடம் ஸ்வீடன் மன்னனுக்கே உரியது என்று விளக்குகிறார்கள். அவ்வளவு எண்ணிச் செய்த வரிசையில் ஒரே முகம் இருபது முறை வந்தால் அந்தக் கதை செத்துவிடும். கடைசியில் ஒரு நடுவழி கண்டேன். மார்புக் கவசமும் இடுப்பும் உள்ள தலையில்லாத உடலை மட்டும் இருபதாக வார்த்துக்கொண்டு, தலை, கை, மேலாடை ஆகியவற்றை ஒவ்வொன்றிலும் புதிதாகச் சேர்க்கிறேன். பதின்மூன்று பேர் முடிந்துவிட்டார்கள். உனக்கு அடுத்த ஊரான சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உலோகம் ஊற்றுகிறார்களே, அங்கே உருவத்தை எடுக்க அச்சை உடைத்தே ஆக வேண்டும். மறு பிரதி கேட்டால் மறுபடியும் மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் ரப்பர் அச்சு உடையாததாலேயே எனக்கு இத்தனை ஆசையும் இத்தனை குழப்பமும் வந்தன என்று இப்போது படுகிறது.

ஓர் உருவத்துக்கு மட்டும் அச்சே எடுக்கவில்லை. கப்பல் மூக்கின் பக்கத்தில் ஒரு பலகைக்கு அடியில், போலந்துப் பிரபு ஒருவன் நாய்போல் கூனிக் குறுகிக் கிடக்கிறான்; அப்போது மன்னன் போலந்தோடு போரில் இருந்தான். அந்தச் சிற்பி அதை எவ்வளவு குறும்போடு செதுக்கியிருப்பான்! என் கப்பலில் அவன் ஒரு பட்டாணி அளவு. பலகையை ஒட்டிய பிறகு யார் கண்ணுக்கும் படமாட்டான். இரண்டு நாள் செலவழித்துச் செய்து உள்ளே வைத்துவிட்டேன்.

வண்ணம் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நெடுநாள் எல்லாரும் நீலத்தின் மேல் பொன் என்றுதான் நினைத்திருந்தார்கள். பிறகு மரத்தில் மிஞ்சியிருந்த நிறத் துகள்களை ஆராய்ந்தபோது பின்புலம் சிவப்பு என்றும், சிற்பங்கள் தோல் நிறமும் பச்சையும் மஞ்சளுமாகப் பளபளத்தன என்றும் தெரிந்தது. நான் பழைய படத்தைப் பார்த்து வாங்கி வைத்த நீல வண்ணம் இரண்டு குப்பி அப்படியே இருக்கிறது. பேரனுக்கு வேண்டுமானால் அனுப்பட்டுமா?

இப்போது ஒரு வேண்டுகோள். மருத்துவமனையை மகனிடம் ஒப்படைத்தபோது, பல் அச்சுக்கான ஜிப்சம் கலவையிலிருந்து காற்றுக்குமிழியை வெளியேற்றும் அந்த அதிர்வு மேசையைப் பரணில் போட்டதாகச் சொன்னாய். சிங்கத்தின் கீழ்த்தாடையில் ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு குமிழி சிக்கிக்கொண்டு பல்லை விழுங்கிவிடுகிறது. சிலிக்கானை உயரத்திலிருந்து நூல் போல ஊற்றிப் பார்த்தேன், தூரிகையால் முதல் பூச்சை இட்டும் பார்த்தேன். தாடை மட்டும் மசியவில்லை. மோட்டார் ஓடினால் போதும், மேல்தட்டு உடைந்திருந்தாலும் பரவாயில்லை. கும்பகோணத்திலிருந்து பார்சலில் போட்டுவிடு. கூடவே அந்தச் சிவப்பு மெழுகுத் தகடு இரண்டும் இருந்தால் நல்லது.

மழை விட்டால் ஞாயிற்றுக்கிழமை அச்சின் மறுபாதியை ஊற்றுகிறேன். அன்று காலை பதினொன்றுக்கு முன் அழைக்காதே.

என்றும் அன்புடன்,
வைத்தி