டர்பனிலிருந்து சரோஜாவுக்கு

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து மறுபடியும் தோட்டத்தில் இறங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம்.

ஆய்வுக்கூடத்தை விட்டு, மருத்துவ ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு ஏன் போனாய், இந்த வயதிலும் அதை ஏன் விடமாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

2000 ஜூலையில் இங்கே நடந்த எய்ட்ஸ் மாநாடு நினைவிருக்கிறதா? எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று அன்றைய தென்னாப்பிரிக்க அதிபர் ம்பெகியே ஐயப்பட்ட காலம் அது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், எச்.ஐ.வி.தான் காரணம் என்று அறிவித்த டர்பன் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அப்படியும், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்கச் சொல்லி 2002-ல் அரசியல் சாசன நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. மருந்து இருந்தது, சான்றும் இருந்தது; கர்ப்பிணியின் கைக்குத்தான் வரவில்லை. சோதனைக்குழாயோடு என் வேலை முடிந்துவிடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஒருநாள் கிராமத்துக் கிளினிக் ஒன்றில், மருந்து ஆராய்ச்சியில் சேர்வதற்கான ஒப்புதல் படிவத்தை நர்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த இளம்பெண் இடைமறித்து, "ஆராய்ச்சி முடிந்த பிறகு இந்த மருந்தை எனக்கு யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். நர்ஸ் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். ரத்தம் எவ்வளவு எடுப்பார்கள், பஸ் செலவுக்கு எவ்வளவு தருவார்கள், எல்லாம் இருந்தது. அவள் கேட்டது மட்டும் இல்லை. அன்றிலிருந்து என் முன் வரும் எந்த விண்ணப்பத்திலும் முதலில் அந்தப் பதிலைத்தான் தேடுகிறேன்.

லெனகாபவிர் பற்றிப் படித்திருப்பாய். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றில் போடும் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் இதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2024-ல் முடிவு வெளியானபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் பெண்கள் உடலைக் கொடுத்து உலகத்துக்குக் காட்டிய உண்மை அது. அந்த ஊசி முதலில் அவர்கள் ஊர்க் கிளினிக்குக்குத்தான் வரவேண்டும். அதைத் தருமமாக அல்ல, கடனாக நினைக்கிறேன்.

2025-ல் வெளிநாட்டு நிதி நின்றதும் பல ஆய்வுகள் பாதியில் தடுமாறின. பங்கேற்றவர்களை அப்படியே கைகழுவிவிடக் கூடாதல்லவா? நிதி நின்றால் அவர்களுக்கு எத்தனை மாதம் மருந்து, யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கவேண்டும் என்று குழுவில் வாதாடி வருகிறேன். பண விஷயத்தில் நமக்கென்ன என்கிறார்கள் சிலர். நான் விடுவதாக இல்லை.

உன் பேத்தி மருத்துவம் படிக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாயே, விடுமுறையில் இங்கே அனுப்பி வை. ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். ஊசி பிடிக்கக் கற்பதற்கு முன் ஓர் ஒப்புதல் படிவத்தை உட்கார்ந்து முழுதாக வாசிக்கட்டும்.

அன்புடன்,
கமலா